மதகின் அளவும் எழுத்தின் அளவும்

கணினியின் கிராபிக்ஸ் கார்டுக்கு இதுவரை எழுதப்பட்டிருக்கும் வரலாறுகள் பெரும்பாலும் விளையாட்டுகளின் வரலாறாகவே இருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த கார்டு வந்தது, எந்த விளையாட்டை எவ்வளவு வேகத்தில் ஓட்டியது என்பதே அங்கே பேச்சு. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகள் முதல் நாளிலேயே திரையில் குடியேறிவிட்டன. ஆகவே அந்த வரலாற்றை எழுதியவர்களுக்கு எழுத்து ஒரு பொருட்டாகத் தோன்றியதில்லை. தமிழ், தேவநாகரி, தாய் போன்ற எழுத்துகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் அதே கார்டின் கதை வேறு முகம் காட்டுகிறது. திரையில் தன் உருவத்தோடு நிற்க இந்த எழுத்துகள் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கார்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை இப்போது எழுதத் தூண்டியது ஒரு நடைமுறைக் கேள்வி. சுவடிப் படங்களையும் பழம்பதிப்புகளின் ஸ்கேன்களையும் வைத்துக்கொண்டு பாடம் ஒப்பிடும் வேலையில் இருப்பவர்கள் பலரிடம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய மேசைக் கணினியே இருக்கிறது. மானிட்டர் பழுதாகிப் புதிது வாங்கப் போனால், 3840×2160 புள்ளிகள் கொண்ட, ‘4கே’ என்று வழங்கும் திரை இன்று எட்டும் விலையில் கிடைக்கிறது. வாங்கி வந்து பொருத்தினால் படம் மங்கலாகவோ தடுமாறியோ வருகிறது. ‘சிஸ்டம் பழசு, மொத்தமாக மாற்றிவிடுங்கள்’ என்பது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அறிவுரை. அது சரியா? பெரும்பாலும் இல்லை என்பதே விடை. அந்த விடைக்குப் பின்னால் இருக்கும் நெடிய கதை காவிரியின் கடைமடையில் தொடங்குகிறது.

ஓலையின் கட்டளை

எழுத்தைத் தாங்கும் பொருள் எழுத்தின் உருவத்தில் தலையிடும் என்பதற்கு முதல் சாட்சி பனையோலை. எழுத்தாணியால் கீறி, கரி தடவி எழுத்தை வெளிக்கொணர்ந்தது நம் மரபு. ஓலையில் அழுத்திப் புள்ளி குத்தினால் நார் கிழியும். எனவே சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. இலக்கணம் புள்ளியைக் கேட்டது, ஓலை அதைத் தடுத்தது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் இதனாலேயே சுவடியில் மறைந்துபோனது. ‘எரி’யும் ‘ஏரி’யும் ஓலையில் ஒரே தோற்றம் கொண்டவை. நெடிலுக்கான காலும் ரகரமும் ஒன்றுபோல் எழுதப்பட்டதால் ‘பாவை’யையும் ‘பரவை’யையும் பிரித்தறிய இடம்நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) இவற்றுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

இந்த மயக்கங்களின் நடுவில் இருந்துதான் பதிப்புப் பணி எழுந்தது. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். பல இடத்துச் சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு சுவடியில் பூச்சி அரித்த துளையும் ஒரு எழுத்தின் சுழியும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால், இன்னொரு சுவடியைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டியிருந்த காலம் அது. எழுத்தின் ஒரு கீறலைச் சரியாகப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தரங்கம்பாடியில் பெரிய அச்சு

அடுத்த சாட்சியும் இதே டெல்டாவில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருடைய சகாக்களும் தமிழில் நூல்களை அச்சிட விரும்பினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்துகள் நன்றாகவே இருந்தன. ஆனால் மிகப் பெரியவை. தமிழின் சுழிகளையும் வளைவுகளையும் சிறிய ஈயத் துண்டில் செதுக்க அந்நாட்டுக் கைவினைஞர்களால் முடியவில்லை. எழுத்து பெரிதானால் பக்கத்தில் சொற்கள் குறையும், தாள் கூடும். தாளோ கடல் கடந்து வர வேண்டும்.

1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் பணியும் அந்தப் பெரிய எழுத்திலேயே அச்சாயின. இருப்பிலிருந்த தாள் மீதி நூலுக்குப் போதாது என்று தெரிந்ததும், ஹாலேயிலிருந்து வந்திருந்த ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்குப் பஞ்சம் வந்தபோது இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகள் உருக்கப்பட்டன என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. 1715இல் புதிய ஏற்பாட்டின் மீதிப் பகுதி அந்தச் சிறிய எழுத்தில் நிறைவுற்றது. பக்கத்து ஊரான பொறையாறில் தாள் செய்யும் ஆலையும் தொடங்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை நாம் வழக்கமாகத் தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். அச்சகத்தார் அங்கே அச்சுப்பொறியை மாற்றவில்லை, மொழியையும் மாற்றவில்லை. இரண்டுக்கும் இடையில் நின்ற எழுத்துவார்ப்பை மட்டும் மாற்றினார்கள். ஒரே பரப்பில் எத்தனை நுணுக்கமான கோடுகள் இடம்பெறலாம் என்ற கேள்வியை அவர்கள் ஈயத்தில் தீர்த்தார்கள். இன்று ‘ரெசல்யூஷன்’ என்று நாம் சொல்வது அதே கேள்விதான்.

தஞ்சையிலும் இதே போன்ற அக்கறை ஒன்று அரண்மனைக்குள் இருந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, சரஸ்வதி மகால் நூலகத்தை நாயக்கர் காலத்துச் சேகரிப்பிலிருந்து பெருநிலைக்கு உயர்த்தியவர். அவர் நிறுவிய அச்சகத்தில் தேவநாகரி எழுத்துகளைக் கொண்டு 1806இல் ஈசாப் கதைகளின் மராத்தி வடிவம் அச்சானது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கொண்ட ஒரு நூலகத்தின் உரிமையாளருக்கு அச்செழுத்தின் மீதும் ஆசை இருந்தது. எழுத்தைக் காக்க விரும்புகிறவர் எழுத்தின் கருவியையும் கவனித்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எட்டுக்கு எட்டுக் கட்டம்

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிமேசைக் கணினி வந்தபோது அதற்கு இரண்டு வகைத் திரை கார்டுகள் இருந்தன. ஒன்று எம்.டி.ஏ. எனப்பட்ட ஒற்றை நிற கார்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் 9×14 புள்ளிகள் கொண்ட கட்டம். எழுத்து துல்லியமாக இருக்கும். ஆனால் எழுத்துகளின் வடிவம் கார்டிலேயே மாற்ற முடியாதபடி பொறிக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்துகளைத் தவிர வேறொன்றையும் அது வரையாது. மற்றொன்று சி.ஜி.ஏ. எனப்பட்ட வண்ண கார்டு. படம் வரையும், ஆனால் அதிகபட்சம் 640×200 புள்ளிகள், எழுத்துக்கு 8×8 கட்டம்.

எட்டுக்கு எட்டில் தமிழ் எழுத முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுத்த எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு வரிசையை விட்டால் மிஞ்சுவது ஏழு புள்ளி அகலம். ஒரு நெட்டுக்கோட்டுக்கு ஒரு புள்ளி, அடுத்த கோட்டுக்கு முன் ஒரு வெற்றிடம் என்று வைத்தால் ஏழு புள்ளியில் நான்கு கோடுகள்தான் நிற்கும். ‘ண’ என்னும் எழுத்துக்குச் சுழியின் இருபுறமும் சேர்த்துக் குறைந்தது ஐந்து நெட்டுக்கோடுகளாவது வேண்டும், அதாவது ஒன்பது புள்ளி. நான்கோடு நிறுத்தினால் அது ‘ன’வாகப் படிக்கப்படும் அபாயம் உண்டு. மேலே புள்ளி, இகரக் கொம்பு, கீழே உகரச் சுழி ஆகியவற்றுக்கு உயரமும் வேண்டும். ஓலை புள்ளியை மட்டும் மறுத்தது. இந்தக் கட்டமோ எழுத்தின் பாதியை மறுத்தது.

இந்த நெருக்கடிக்கு முதல் விடை தமிழிலிருந்து வரவில்லை. அது தாய்லாந்து மாணவர் ஒருவரிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தம் தாய்மொழி எழுத்தில் எழுத விரும்பிய வான் சுவன்னுகுல் என்பவருக்கு எம்.டி.ஏ.வின் உறைந்துபோன எழுத்துகளும் உதவவில்லை, சி.ஜி.ஏ.வின் பருமனான புள்ளிகளும் உதவவில்லை. அவர் 1982இல் தாமே ஒரு கார்டை வடிவமைத்தார். 720×348 புள்ளிகளையும் தனித்தனியே ஆளும் அந்த கார்டுதான் ஹெர்குலிஸ். எம்.டி.ஏ.வின் துல்லியத்தைக் கைவிடாமல் விரும்பிய உருவத்தை வரையும் வசதியை அது தந்தது. உலகெங்கும் கோடுபடங்களுக்கும் கணக்குப் பட்டியல்களுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பிற நிறுவனங்கள் நகலெடுத்தன. பத்தாண்டுக் காலம் ஒற்றை நிறத் திரைகளுக்கு அதுவே இலக்கணமாக விளங்கியது. கணினி வரலாற்றின் புகழ்பெற்ற கிராபிக்ஸ் கார்டுகளில் ஒன்று பிறந்ததற்குக் காரணம் எழுத்துத்தான் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இதே வேலையை வேறு வழியில் செய்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980களின் தொடக்கத்தில் தேவநாகரி முனையத்துக்காக நடந்த ஆய்வு, 1988இல் புணேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் ‘ஜிஸ்ட்’ கார்டாக உருப்பெற்றது. சாதாரண கணினியின் ஸ்லாட்டில் அதைச் செருகினால், ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலேயே தமிழும் இந்தியும் தெலுங்கும் தெரியும். இந்திய எழுத்துகளுக்குப் பொதுக் குறியீடாக 1991இல் ‘இஸ்கி’ தரம் வெளியானபோது அதன் பின்னே இந்த கார்டு தந்த அனுபவம் இருந்தது. கணினியை மாற்றாமல் ஒரு கார்டைச் சேர்த்து ஒரு மொழியை உள்ளே கொண்டுவரலாம் என்பதை நம் நாட்டு அலுவலகங்கள் அப்போதே கண்டன.

தனிமனிதர்களின் முயற்சிகளும் அதே ஆண்டுகளில் நடந்தன. கனடாவில் கே. ஸ்ரீனிவாசன் 1980களின் நடுவில் ‘ஆதமி’யை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’க்கு அடித்தளமிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் என்று பெயர்கள் நீளும். இவர்களுக்கு உதவியாகத் திரையும் விரிந்துகொண்டே வந்தது. 1984இல் வந்த இ.ஜி.ஏ., மென்பொருள் தரும் எழுத்து வடிவங்களைத் தன்னுள் ஏற்றிக்கொள்ளும் ஆற்றல் பெற்றிருந்தது. 1987இல் வந்த வி.ஜி.ஏ. 640×480 புள்ளிகளைத் தந்தது. 1978இல் தமிழக அரசு ஏற்ற பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை முதலியவற்றின் துதிக்கை வடிவங்களை நீக்கியிருந்ததால், எழுத்துரு வரைந்தவர்களுக்குச் சுமை சற்றுக் குறைந்திருந்தது.

1995 ஜனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் நடந்தது. 1981இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகமும், அதன் ஓலைச்சுவடித் துறையும் அந்த நகரத்துக்கு ஏற்கெனவே ஒரு புதிய தகுதியை அளித்திருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளியானது. அதன்பின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு படமாகவே வரையப்பட்டது. கார்டில் பொறித்த எழுத்துகளின் ஆட்சி மெல்ல முடிந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு, பிறகு யூனிகோடின் பரவல் என்று வந்த மாற்றங்களை இந்தப் பக்கங்களின் வாசகர்கள் உடனிருந்து பார்த்தவர்கள். அவற்றை மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை.

மேட்டூரும் தலைமதகும்

இனி இன்றைய கேள்விக்கு வருவோம். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. 1920×1080 திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு, ஹெர்குலிஸைப் போல் 33 மடங்கு. ஒரு புள்ளியின் நிறத்துக்கு 24 பிட் வேண்டும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,194 கோடி பிட்டுகள் கணினியிலிருந்து மானிட்டருக்குப் போயாக வேண்டும்.

டெல்டாக்காரருக்கு இதை விளக்க ஓர் உவமை கைவசம் உண்டு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பி வழிந்தாலும், ஒரு வாய்க்காலின் தலைமதகு எவ்வளவு திறந்துகொடுக்கிறதோ அவ்வளவுதான் அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர். வயலைப் பெரிதாக்கிவிட்டு மதகை மாற்றாவிட்டால் கடைமடை காயும். இங்கே வயல் புதிய மானிட்டர், அணை கணினி, மதகு கிராபிக்ஸ் கார்டும் அதன் பின்புறத்துத் துளையும்.

பழைய கணினிகளில் இருக்கும் மதகுகளின் அளவுகள் தெரிந்தவைதான். பதினைந்து ஊசித் துளைகள் கொண்ட நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு 4கே திரைக்கு ஏற்றதன்று. டி.வி.ஐ. இணைப்பின் ஒற்றைத் தடம் 1920×1200 வரையிலும், இரட்டைத் தடம் 2560×1600 வரையிலும் நொடிக்கு 60 முறை தாங்கும். 2009இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4 நொடிக்கு 1,020 கோடி பிட் என்று அறிவித்தாலும் குறியீட்டுச் செலவு போக 816 கோடிதான் படத்துக்குக் கிடைக்கும். ஆகவே அதன் வழியே 4கே படம் வரும், ஆனால் நொடிக்கு 30 முறைதான். கடையில் ‘4கே சப்போர்ட் உண்டு’ என்று சொல்லி விற்கப்படும் மலிவான பழைய கார்டுகள் பலவற்றின் உண்மை இதுவே. அந்நிலையில் சுட்டெலி பின்தங்கி இழுபடும். நீண்ட ஓலையை இடமிருந்து வலமாக நகர்த்திப் படிக்கும்போது எழுத்துகள் துள்ளும். ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும்.

60 முறை வேண்டுமானால் ஹெச்.டி.எம்.ஐ. 2.0 (2013) அல்லது டிஸ்பிளே போர்ட் 1.2 (2010), அல்லது அவற்றுக்குப் பிந்தைய இணைப்பு தேவை. முன்னது அறிவிப்பில் 1,800 கோடி. பின்னது படத்துக்கு மட்டுமே 1,728 கோடி தருகிறது. 2011 வாக்கில் வந்த மேசைக் கணினிகளின் மதர்போர்டோடு வரும் வரைகலை இந்த அளவை எட்டாது. அதனால்தான் தனி கார்டு தேவைப்படுகிறது.

நற்பேறாக, 2004 முதல் கணினிகளில் இடம்பெற்ற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் பின்னோக்கிய பொருத்தம் கொண்டது. புதிய கார்டைப் பழைய ஸ்லாட்டில் செருகலாம். வேகம் குறையுமே தவிர வேலை செய்யும். விளையாட்டுக்கு அந்தக் குறைவு பெரிது. சுவடி படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 2017இல் வந்த என்விடியாவின் ஜி.டி. 1030 போன்ற ஒரு சிறு கார்டு வெறும் 30 வாட் மின்சாரத்தில் 4கே திரையை நொடிக்கு 60 முறை இயக்கிவிடும். அந்தக் குடும்பத்து கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் வெளியீடுகள் 2025 அக்டோபரோடு நின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. வாங்குவோர் இந்தக் காலக்கணக்கையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பெட்டியைத் திறக்கும் முன்

கார்டு வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது உயரம். அலுவலகங்களிலிருந்து கைமாறி வரும் ஒடுக்கமான பெட்டிகளில் முழு உயர கார்டு நுழையாது. பாதி உயரத் தகடு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது மின்சாரம். ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதற்குள் அடங்கும் கார்டானால் தனி மின்கம்பி வேண்டாம், பழைய எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் தாங்கும். டெல்டாச் சிற்றூர்களில் மழைக்காலத்து மின்வெட்டையும் ஏற்ற இறக்கத்தையும் அறிந்தவர்கள் யு.பி.எஸ். இல்லாமல் எந்தப் புதிய கார்டையும் பொருத்த மாட்டார்கள்.

மூன்றாவது பயாஸ். விண்டோஸ் 8 வந்த 2012க்கு முந்தைய மதர்போர்டுகள் பலவற்றில் யு.இ.எஃப்.ஐ. கிடையாது. அண்மைக் காலத்து கார்டுகள் சில அதை எதிர்பார்ப்பவை. அத்தகைய கார்டைச் செருகினால் திரை இருண்டே கிடக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பார்கள், உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை என்பதுதான் விஷயம். மிகப் புதியதைத் தேடாமல் இடைக்காலத்து கார்டை வாங்குவது இங்கே அறிவுடைமை. நான்காவது கேபிள். கார்டும் மானிட்டரும் சரியாக இருந்தும் பழைய கேபிளால் படம் விட்டுவிட்டு வருவதுண்டு. மானிட்டரோடு வந்த கேபிளையே பயன்படுத்துவது பாதுகாப்பு.

பொருத்திய பிறகு இன்னொரு வியப்பு காத்திருக்கும். எழுத்துகள் கடுகளவாகத் தெரியும். 24 அங்குல 1920×1080 திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள், 27 அங்குல 4கே திரையில் 163. அதே எழுத்து அதே எண்ணிக்கைப் புள்ளிகளில் வரையப்படும்போது சுருங்கத்தான் செய்யும். இயங்குதளத்தின் அமைப்பில் அளவை 175 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் எழுத்து பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் அதே அளவுக்குள் புள்ளிகள் கூடியிருப்பதால் ணகரத்தின் சுழிகள் தெளிந்து நிற்கும். தரங்கம்பாடியில் எழுத்தைச் சிறிதாக்க முயன்றார்கள். இங்கே எழுத்தின் அளவை வைத்துக்கொண்டு நுணுக்கத்தைக் கூட்டுகிறோம். யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் மென்பொருள்கள் சில மட்டும் இந்த உருப்பெருக்கத்தை அறியாதவை. அவை மங்கலாகவே தெரியும்.

கார்டை மாற்றுவதால் தீராத சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பத்தாண்டுப் பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. படங்களைப் பார்ப்பதும் தட்டச்சு செய்வதும் மட்டுமே வேலையென்றால் லினக்ஸுக்கு மாறுவது ஒரு வழி. லோஹித், நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்கள் அங்கே நன்றாகவே தெரிகின்றன. மாறுவதற்கு முன் கார்டுக்கு அங்கே டிரைவர் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

ஓலை முழுவதும் ஒரே பார்வையில்

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாற்பது செண்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஓலையை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அதன் நீளம் ஏறக்குறைய 4,720 புள்ளிகள். முழு அளவில் வைத்துப் பார்த்தால் 1920 புள்ளித் திரையில் ஓலையின் பதினாறு செண்டிமீட்டர்தான் தெரியும். வரியின் தொடக்கத்தைப் படிக்கும்போது முடிவு தெரியாது. 3840 புள்ளித் திரையில் முப்பத்திரண்டு செண்டிமீட்டருக்கு மேல் தெரியும், அதாவது ஓலையின் ஐந்தில் நான்கு பங்கு.

ஓலை முழுவதையும் திரைக்குள் சுருக்கினால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். எழுத்தாணியின் ஒரு கீறல் கால் மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் அது மூன்று புள்ளி. பழைய திரைக்குள் சுருக்கும்போது ஒரு புள்ளியும் சொச்சமும் ஆகிவிடும். கரி ஏறிய கீறலும் நாரின் இயல்பான விரிசலும் அங்கே ஒரே சாம்பல் நிறக் கோடாகிவிடும். புதிய திரையில் அது இரண்டரைப் புள்ளியாக நிற்கும். கீறலுக்கு இரண்டு கரை உண்டு, விரிசலுக்கு அந்த ஒழுங்கு இல்லை என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது இந்த அளவில்தான். பூச்சித் துளையையும் சுழியையும் பிரிப்பதும் அப்படியே.

சுவடி படித்தவர்கள் வரியின் ஓட்டத்தை வைத்துத்தான் சொல்லைத் தீர்மானித்தார்கள். யாப்பும் எதுகையும் பொருள் தொடர்ச்சியும் வரி முழுவதும் கண்முன் இருந்தால்தான் துணைக்கு வரும். துண்டு துண்டாக நகர்த்திப் படிக்கிறவருக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. அவர் எழுத்துக் கூட்டுகிறார், சொல்லைக் கேட்பதில்லை. ஓர் இடத்தில் தவறாகப் படித்த எழுத்து தட்டச்சாகி, மின்நூலாகி, தேடுபொறியில் ஏறி, மேற்கோளாகிவிட்டால் அதைத் திருத்துவது ஏட்டுப் பிழையைத் திருத்துவதைவிடக் கடினம். சாமிநாதையர் காலத்தில் ஒரு பிழை ஒரு பதிப்போடு நின்றது. இன்று அது ஒரே நாளில் ஆயிரம் படிகளாகிறது.

புதிய திரை எல்லா மயக்கத்தையும் தீர்த்துவிடாது. ஓலையில் இல்லாத புள்ளியை எந்த கார்டும் வரைந்து தராது. ‘எரி’யா ‘ஏரி’யா என்பதைத் தீர்மானிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் இன்னும் தேவைப்படுகிறார். ஆனால் ஓலையில் இருப்பதை அவருக்கு முழுமையாகக் காட்டுவது கருவியின் கடமை. அதை மறைக்கும் கருவியோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கல்லணையை ஆங்கிலேயப் பொறியாளர்கள் எதிர்கொண்ட விதம் இங்கே நினைவுக்கு வருகிறது. மணல் சேர்ந்து பாசனம் தடுமாறிய நிலையில், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்தர் காட்டன் அந்தப் பழைய அணையை இடித்துவிட்டுப் புதிது கட்டச் சொல்லவில்லை. அதில் மணல்போக்கிகளை அமைத்தார். பிறகு 1836இல் கொள்ளிடத் தலைப்பில் மேலணையைக் கட்டி நீரோட்டத்தைச் சீர்செய்தார். கரிகாலன் பெயரோடு நிற்கும் கல்லணை இருந்த இடத்திலேயே இருந்தது. எது பழுது, எது பழமை என்று பிரித்தறிந்ததில்தான் அந்தப் பணியின் வெற்றி அடங்கியிருந்தது.

மேசையில் இருக்கும் பழைய கணினிக்கும் அந்தப் பகுத்தறிதல் போதும். அதன் பிராசசர் சுவடிப் படங்களைத் திறக்கப் போதுமானது. நினைவகம் போதாவிட்டால் கூட்டிக்கொள்ளலாம். சுழல்வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்ளலாம். குறுகிப்போயிருப்பது எழுத்து வெளியே வரும் வாசல். சில ஆயிரம் ரூபாய்க்கு அந்த வாசலை அகலப்படுத்திவிட்டால், சரஸ்வதி மகாலின் ஏடாகட்டும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடியாகட்டும், படமாகிவிட்ட எதையும் பாபநாசத்திலோ பொறையாறிலோ ஒரு வீட்டு மேசையில் வைத்து வரி முழுவதுமாகப் படிக்கலாம். படிக்கப்படாத ஏடுகள் ஏராளமாக இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள்தாம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் ஒரு நல்ல திரையை வைப்பது நம்மால் முடிந்த சிறு கைங்கரியம்.